ஒரு வரிகூட வரவில்லை

வீட்டில் அவளுக்கு வைத்த செல்லப்பெயர் துரு. சின்ன வயதில் ஓர் இடத்தில் உட்காராமல் துருதுருவென்று திரிந்ததால் வந்த பெயர். "இரும்புல பிடிக்கிறதும் துருதான்டி, பிடிச்சா அரிச்சுக்கிட்டே இருக்கும்" என்று அக்கா கேலி செய்வாள். கல்யாணமாகி, வேலைக்குப் போய், தலையில் வெள்ளி முடி எட்டிப் பார்க்கிற வயது வந்தும் பெயர் போகவில்லை. குணமும் போகவில்லை. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவாள், பூட்டினோமா என்று திரும்பி வருவாள். அடுப்பை அணைத்ததைக் கணவரிடம் சொல்லி, அவர் "அணைச்சிட்ட, நான் பாத்தேன்" என்று சாட்சி சொன்ன பிறகும் ஒரு தடவை குமிழைத் தொட்டுப் பார்ப்பாள்.

அவள் வேலை பார்த்தது ஒரு டயாலிசிஸ் மையத்தில். நீளமான கூடம், இரண்டு பக்கமும் சாய்வு நாற்காலிகள், ஒவ்வொரு நாற்காலிக்குப் பக்கத்திலும் ஆள் உயர இயந்திரம். சிறுநீரகம் கைவிட்டவர்கள் வாரத்துக்கு மூன்று நாள் வந்து, நாலு மணி நேரம் கையை நீட்டி உட்கார்ந்து, ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போவார்கள். அங்கே இருந்த கணினிகள் எல்லாம் துருவின் பொறுப்பு. நோயாளிகள் அவளை "கம்ப்யூட்டர்" என்றே கூப்பிட்டார்கள். "ஏம்மா கம்ப்யூட்டர், இந்த ஃபேன் ஏன் கிறீச்சுங்குது?" என்பார் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர். ஃபேன் தன் வேலை இல்லை என்று அவள் சொன்னால், "ஸ்விட்ச்சு இருக்கா இல்லியா? அப்ப உன் வேலைதான்" என்பார்.

டயாலிசிஸுக்கு மருந்தைவிட முக்கியம் தண்ணீர். ஒவ்வொரு நோயாளியின் ரத்தத்துக்கும் பக்கத்தில், ஒரு மெல்லிய சவ்வுக்கு அந்தப் புறமாக, குடம் குடமாகத் தண்ணீர் ஓடும். குழாய்த் தண்ணீரில் கிருமியைக் கொல்லக் கலக்கிற குளோரின் நமக்கு ஒன்றும் செய்யாது. அதுவே சவ்வைத் தாண்டி ரத்தத்தில் கலந்தால் சிவப்பணுக்களை உடைத்துவிடும். அதனால் கூடத்தின் பின்னால் தண்ணீர் அறை என்று ஒன்று இருந்தது. அதில் ஆள் உயரத்துக்கு இரண்டு கரித்தொட்டிகள். ஊர்த் தண்ணீர் முதல் தொட்டியில் நுழைந்து, இரண்டாவதிலும் புகுந்து, குளோரினைக் கரிக்குக் கொடுத்துவிட்டு வெளியே வரும். இரண்டு தொட்டிக்கும் நடுவில் ஒரு மீட்டர். அந்த மீட்டருக்கு முள்ளும் இல்லை, எண் காட்டும் முகமும் இல்லை. அதன் வாய், மூலையில் இருந்த பழைய கணினியில் ஓடிய ஒரு நிரல்.

அந்த நிரலைப் பார்த்தால் துருவுக்கு எரிச்சல் வரும். பட்டன் கிடையாது, படம் கிடையாது. கறுப்புத் திரையில் நிமிஷத்துக்கு ஒரு வெள்ளை வரி: இன்ன அளவு, சரி. இன்ன அளவு, சரி. அளவு மீறினால் 'எச்சரிக்கை' என்று ஒரு வரி. அவ்வளவுதான். எங்கும் எழுதி வைக்காது, யாருக்கும் சொல்லி அனுப்பாது. வரிகள் மேலே ஏறி மறைந்தால் சொன்னது சொன்னபடி காற்றோடு போச்சு. ஆகவே அந்தத் திரைக்கு முன்னால் எப்போதும் ஓர் ஆள் உட்கார வேண்டியிருந்தது.

உட்கார்ந்தவரை எல்லாரும் தண்ணிக்காரர் என்றார்கள். "வெளியில யார்கிட்டயும் அப்படிச் சொல்லிடாதீங்க, பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கணும்" என்பார் அவர். அமைதியான மனிதர். பகல் முழுக்க அந்தத் திரையைப் பார்த்தபடி இருப்பார். சாப்பாட்டையும் அங்கேயேதான் முடிப்பார்.

அவர் ஒரு சாயங்காலம் துருவின் மேஜைக்கு வந்து நின்றார்.

"மேடம், என் வீட்டம்மாவுக்குக் கண் ஆபரேஷன்னு சொன்னேன்ல? அடுத்த மாசம்னாங்க. இப்ப போன் பண்ணி, ஒரு இடம் காலியாயிருக்கு, நாளைக்கே வந்துருங்கன்னுட்டாங்க. நான் இல்லாம வரமாட்டேங்குறா. இந்தச் சனியன் பிடிச்ச திரை என் போனுக்கு ஏதாச்சும் சொல்லுமா? ஏதாவது வழி இருக்கா?"

வழி இருந்தது. துரு பல மாதமாகச் செய்யவேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்த வேலை அது. எந்தக் கணினியிலும் சிஸ்டம் லாக் என்று ஒன்று உண்டு. உள்ளே ஓடுகிற நிரல்கள் எல்லாம் தங்கள் சேதியைப் போடுகிற பொதுவான இடம். தண்ணீர் நிரல் திரையில் கொட்டுவதைத் திருப்பி அந்த லாகுக்கு அனுப்பிவிட்டால் போதும். லாகில் 'எச்சரிக்கை' என்ற சொல் விழுந்ததும் நாலு பேர் போனில் மணி அடிக்கும்படி செய்துவிடலாம். அதற்கு வேண்டியது நிரலை ஓடவிடும் கட்டளையின் வாலில் ஒரு செங்குத்துக் கோடும், அதற்குப் பின்னால் ஒரே ஒரு வார்த்தையும்.

"இருக்குண்ணே. காலையில வந்து பண்ணித் தர்றேன்" என்றாள். மறுநாள் அவளுக்கு லீவு. ஆறு வருஷம் கழித்து அக்கா கடல் தாண்டி வந்திருந்தாள். மையத்தின் டாக்டரிடம் கேட்டபோது, காலைச் சோதனையைத் தலைமை நர்ஸே கையால் செய்துவிடுவார், மணியும் அடிக்கும் என்றால் தண்ணிக்காரர் போகலாம் என்று ஒத்துக்கொண்டார்.

காலையில் அக்காதான் காரை ஓட்டிவந்தாள். "அஞ்சு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள் துரு. நோயாளிகள் ஏற்கனவே நாற்காலிகளில் இருந்தார்கள். தலைமை நர்ஸ் செய்த சோதனையில் தண்ணீர் சுத்தம். தண்ணிக்காரர் பையைத் தோளில் மாட்டி, செருப்பும் போட்டுத் தயாராக நின்றார். துரு நிரலை நிறுத்தி, கோட்டைப் போட்டு, லாகின் பெயரைத் தட்டி, மறுபடி ஓடவிட்டாள். திரை காலியானது. இனி வரிகள் திரைக்கு வரா. லாகுக்குப் போகும்.

"வேலை செய்யுதா?"

"பாத்துருவோம்." அவள் தன் கையாலேயே லாகுக்கு ஒரு வரி அனுப்பினாள்: எச்சரிக்கை, இது சோதனை. அந்த நொடியே அவள் போன் அலறியது, அவர் போன் அலறியது, கூடத்திலிருந்து டாக்டரின் போனும் கேட்டது. வெளியே அக்கா ஹாரனை அழுத்தினாள்.

"பிரமாதம்" என்றார் தண்ணிக்காரர். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஓடினார். பின்னாலேயே துருவும் ஓடினாள்.

ஹோட்டலில் அவள் கணவர் முன்னாலேயே வந்து ஜன்னலோர மேஜையைப் பிடித்து வைத்திருந்தார். அக்கா தான் பாடம் நடத்துகிற வெளிநாட்டுப் பள்ளிக்கூடத்தில் படும் பாட்டைச் சொல்லத் தொடங்கினாள். பிள்ளைகள் வாத்தியாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களாம். துரு சிரித்தாள். சிரித்துக்கொண்டே மேஜைக்கு அடியில் போனைப் பார்த்தாள். மையத்துக் கணினியின் லாக் போனிலேயே திறந்திருந்தது. அதில் அவள் அனுப்பிய சோதனை வரி மட்டும் இருந்தது.

போனை மூடினாள். சூப் வந்தது. கலக்கினாள். மறுபடி திறந்தாள். அதே ஒரு வரி.

"அங்க என்ன, மாமியாரா இருக்காங்க? குனிஞ்சு குனிஞ்சு கும்பிடுற?" என்றாள் அக்கா.

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லன்னா வை கீழ."

கீழே வைத்தாள். கால் தானாக ஆடத் தொடங்கியது. மேஜை அதிர்ந்து, தண்ணீர் டம்ளரில் வட்டம் வட்டமாக அலை போனது. கணவர் அவள் முழங்காலில் கை வைத்து அமுக்கினார். அந்தக் கால் நின்றதும் மற்றக் கால் ஆடியது. முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போய், கை கழுவுமிடத்தில் நின்று திறந்து பார்த்தாள். நிரல் ஓடிக்கொண்டிருப்பதாகக் காட்டியது. லாகில் புதிதாக எதுவும் இல்லை. ஓடுகிறது, பேசவில்லை. இது என்ன மாதிரி ஓட்டம்?

திரும்பி வந்தபோது அக்காவின் முகம் மாறியிருந்தது.

"ஆறு வருஷம் கழிச்சு வந்திருக்கேன்டி. என் மூஞ்சியவிட அந்தப் போன் மூஞ்சி லட்சணமா இருக்கா?"

"மணி அடிக்கலைல்ல?" என்றார் கணவர் சமாதானமாக. "தப்பு இருந்தாத்தானே அடிக்கும்? அடிக்கலைன்னா எல்லாம் நல்லாருக்குன்னு அர்த்தம். நீதானே அப்படிப் பண்ணி வச்சிருக்க?"

"மணி அப்படித்தாங்க. லாக் அப்படி இல்ல." துருவின் குரல் அவளுக்கே உயரமாகக் கேட்டது. "நல்லாருந்தாலும் நிமிஷத்துக்கு ஒரு தடவை நல்லாருக்குன்னு அது சொல்லணும். நாங்க கிளம்பி ஒரு மணி நேரம் ஆச்சு. ஒரு வரிகூட வரல. தொட்டில்ல போட்ட குழந்தை அழலைன்னா தூங்குதுன்னு நினைச்சுக்கலாம். மூச்சுச் சத்தமும் கேக்கலைன்னா சும்மா உக்காந்து சூப் குடிப்பீங்களா?"

"அப்ப காலையிலயே இதைப் பாத்திருக்க வேண்டியதுதானே?" என்றாள் அக்கா.

அதுதான் துருவை அரித்துக்கொண்டிருந்தது. தான் அனுப்பிய வரி போய்ச் சேர்ந்ததைப் பார்த்தாள். நிரல் அனுப்பிய வரி போய்ச் சேர்கிறதா என்று பார்க்கவில்லை. ஒரு நிமிஷம் காத்திருந்தால் தெரிந்திருக்கும். பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறவள், அந்த ஒரு நிமிஷம் நிற்கவில்லை.

அக்கா அவளையே பார்த்தாள். பிறகு கைப்பையிலிருந்து சாவியை எடுத்தாள். "எழுந்திரு. உன்னை இங்க உக்கார வச்சு ஊட்டி விட்டாலும் இறங்காது. போய் ஒண்ணும் இல்லேன்னு கண்ணால பாத்துட்டு வந்துருவோம். நீங்க இதையெல்லாம் பார்சல் கட்டச் சொல்லுங்க" என்றாள் கணவரிடம்.

வழியில் துரு தண்ணிக்காரரைக் கூப்பிட்டாள். போன் அணைக்கப்பட்டிருந்தது. ஆபரேஷன் அறை வாசலில் அணைக்கச் சொல்லியிருப்பார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. மணி அடித்திருந்தாலும் அவருக்குக் கேட்டிருக்காது. தலைமை நர்ஸைக் கூப்பிட்டாள். அடித்து அடித்து ஓய்ந்தது. ரயில்வே கேட் மூடியிருந்தது. முன்னால் ஒரு லாரி, அதன் முன்னால் பத்துப் பதினைந்து வண்டிகள்.

"டாக்டரைக் கூப்பிடு" என்றாள் அக்கா.

"கூப்பிட்டு என்ன சொல்றது? ஒண்ணும் வரலைன்னா?"

"ஒண்ணும் வரலைன்னு சொல்லு. அதுதானே நடந்திருக்கு?"

டாக்டர் எடுத்தார். பொறுமையாகக் கேட்டார். "காலையில டெஸ்ட் பண்ணியாச்சும்மா. சுத்தம். இங்க எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க. ஒருத்தருக்கு பிரஷர் இறங்கிருச்சு, நர்ஸ் அங்க நிக்கிறாங்க. நீ லீவுல இருக்க, லீவுல இரு." வைத்துவிட்டார்.

ரயில் சரக்கு ரயில். பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. துரு கதவைத் திறந்து இறங்கினாள். ஏறினாள். மறுபடி இறங்கினாள். அக்கா எட்டி அவள் முந்தானையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டாள். "நீ இறங்கித் தள்ளினா ரயில் வேகமாப் போகுமா?"

கேட் திறந்ததும் அக்கா ஓட்டிய ஓட்டத்தைப் பற்றிப் பிறகு இருவரும் யாரிடமும் சொல்லவில்லை.

தண்ணீர் அறையில் ஆளில்லை. பம்பு உறுமிக்கொண்டிருந்தது. கணினியின் திரை காலையில் விட்டபடியே கறுப்பாக இருந்தது. துரு அலமாரியிலிருந்து சோதனைப் பெட்டியை எடுத்தாள். சின்னக் கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் பிடித்துப் பொடியைக் கொட்டிக் குலுக்க வேண்டும். குளோரின் இருந்தால் ரோஸ் நிறம் ஏறும். தண்ணிக்காரர் செய்வதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். அவசரமாகக் கிழித்ததில் முதல் பொட்டலம் தரையில் சிந்தியது. அக்கா இரண்டாவதை வாங்கிப் பிரித்துக் கொட்டினாள்.

முதல் தொட்டியைத் தாண்டி வந்த தண்ணீர் பொடி பட்டவுடன் சிவந்தது. காத்திருக்கவே தேவைப்படவில்லை.

"இது இருக்கலாமா?" என்றாள் அக்கா. கேலி எல்லாம் போய்விட்டிருந்தது.

"கூடாது. ஆனா இன்னொரு தொட்டி இருக்கு. அதைத் தாண்டி வந்திருச்சான்னு பாக்கணும்."

இரண்டாவது தொட்டியின் குழாயிலிருந்து பிடித்தார்கள். பொடியைப் போட்டார்கள். இந்தத் தடவை தண்ணீர் சும்மா இருந்தது. துரு குப்பியை விளக்குக்கு நேராகப் பிடித்தாள். இருக்கிற மாதிரியும் தெரிந்தது, இல்லாத மாதிரியும் தெரிந்தது. காலையிலிருந்து தன்னைத் தானே நம்பாமல் இருந்த கண் இப்போது எதைச் சொன்னாலும் எப்படி நம்புவது? அக்கா தன் வெள்ளைக் கைப்பையை எடுத்துக் குப்பிக்குப் பின்னால் வைத்தாள். வெள்ளையின் மேல், விரல் நகத்தின் நிறத்தில், ஒரு சாயல்.

"ரோஸ்" என்றாள் அக்கா. "நீ சொல்லலைன்னாலும் நான் சொல்றேன். இது ரோஸ்."

துரு குப்பியோடு கூடத்துக்குள் ஓடினாள். தலைமை நர்ஸ் பிரஷர் இறங்கியவரின் கால்களை உயர்த்தி வைத்துக்கொண்டிருந்தார். துரு எதையும் விளக்கவில்லை. குப்பியை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். "ரெண்டாவது தொட்டிக்கு அப்புறம் பிடிச்சது, சிஸ்டர்."

நர்ஸ் ஒரு நொடிதான் பார்த்தார். "எல்லா மெஷினையும் பைபாஸ்ல போடுங்க!" என்று கூடம் அதிரக் கத்தினார். நர்ஸ்கள் ஒவ்வொரு இயந்திரமாக ஓடி ஓடித் தண்ணீரை ரத்தத்தின் பக்கம் போகவிடாமல் வெட்டினார்கள். இயந்திரங்கள் ஒன்று மாற்றி ஒன்று கீச்சிட்டன. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் விழித்து, "என்னாச்சு? என்னாச்சு?" என்றார்கள். டாக்டர் அறையிலிருந்து வந்தார், குப்பியை வாங்கிப் பார்த்தார். எல்லாருக்கும் ரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பச் சொன்னார்.

அந்தக் கூச்சலுக்கு நடுவில்தான் துருவின் போன் அலறியது. டாக்டரின் போன் அலறியது. நின்றது, அலறியது, நின்றது, அலறியது. லாகைத் திறந்தாள். கொத்தாக வந்து விழுந்திருந்தன வரிகள். காலையில் அவள் கிளம்பியதிலிருந்து வந்திருக்க வேண்டிய அத்தனையும், ஒரே நொடியில். மேலே எல்லாம் சரி, சரி, சரி. கீழே வர வர எண் ஏறியது. பிறகு எச்சரிக்கை, எச்சரிக்கை, எச்சரிக்கை. அவள் ஹோட்டலில் சூப்பைக் கலக்கிக்கொண்டிருந்த நேரத்தில் எழுதப்பட்டது முதல் எச்சரிக்கை.

அந்த வரிசையைப் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. தண்ணீர் அறைக்குத் திரும்பி வந்து, ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்தாள். இத்தகைய நிரல் திரைக்கு எழுதும்போது வரிக்கு வரி உடனே எழுதும். அதே வெளியீட்டை ஒரு கோடு போட்டு இன்னொரு நிரலின் பக்கம் திருப்பினால், ஒவ்வொன்றாக அனுப்பாது. உள்ளே சேர்த்து வைத்து, மூட்டை நிறைந்த பிறகு மொத்தமாகத் தள்ளும். பெரிய வேலைகளில் அதுதான் வேகம். நிமிஷத்துக்கு ஒரு சின்ன வரி எழுதுகிற நிரலுக்கு மூட்டை நிறைய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அப்படிச் சேர்த்து வைக்காதே என்று சொல்ல, கட்டளைக்கு முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும். அது துருவுக்குத் தெரியாததல்ல. எப்போதோ படித்தது. அவசரத்தில் ஞாபகம் வரவில்லை.

மத்தியானம் கண்ணாஸ்பத்திரியிலிருந்து தண்ணிக்காரர் வந்துசேர்ந்தார். போனைத் திறந்ததும் வந்து குவிந்த எச்சரிக்கைகளைப் பார்த்து, மனைவியை மகளிடம் விட்டுவிட்டு ஓடிவந்திருந்தார். அமைதியான அந்த மனிதருக்கு அப்படிக் கோபம் வரும் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

"அவ கண்ணைக் கட்டிக்கிட்டு, நான் எங்கன்னு கையால தடவித் தேடிக்கிட்டு இருக்கா. நான் இங்க நிக்கிறேன். இதுக்கா மேடம் உங்களைக் கேட்டேன்?"

"தப்பு என்னுதுதாண்ணே."

"தப்பு யாருதுன்னா எனக்கென்ன? நாற்காலியில இருந்தவங்களுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா?" அவர் முதல் தொட்டியின் குழாயை மூடி, தயாராக வைத்திருந்த மாற்றுத் தொட்டிக்குத் திருகினார். திருகிக்கொண்டே முணுமுணுத்தார். ஊர்க் குழாயில் காலையில் குளோரினைக் கூடுதலாகக் கலந்திருக்கிறார்கள், கரியும் முடிகிற தருவாயில் இருந்திருக்கிறது. ரொம்ப நேரம் கழித்து, அவள் பக்கம் திரும்பாமலே, "செருப்பை மாட்டிக்கிட்டு நானும்தான் பறந்தேன். கிளம்பறப்ப ஒரு குப்பி பிடிச்சுப் பாத்திருக்கலாம்" என்றார்.

துரு குனிந்து, தரையில் சிந்திக் கிடந்த பொடியைத் துடைத்தாள்.

ரத்தப் பரிசோதனைகள் ஒவ்வொன்றாக வந்தன. யாருக்கும் அணுக்கள் உடையவில்லை. இரண்டாவது தொட்டி கடைசி மூச்சைப் பிடித்துக்கொண்டு தாங்கியிருந்தது. ஓர் அம்மாளுக்கு மட்டும் தலைவலி, அது பசியா பயமா என்று அவருக்கே தெரியவில்லை.

டாக்டரின் அறையில் துரு நடந்ததை நடந்தபடி சொன்னாள்.

"அப்ப பழையபடி ஆளையே உக்கார வச்சுரலாம். இந்த மணியெல்லாம் வேண்டாம்" என்றார் டாக்டர்.

"ஆள் வாரத்துக்கு ஆறு நாள் அந்தத் திரையைப் பாக்குறாரு, டாக்டர். ஒரு தும்மல் வந்தா ஒரு வரி போயிரும். வரிக்கு வரி வர்ற மாதிரி மாத்திட்டேன். நிரல்ல பிழை வந்தா அது சொல்ற சேதி தனி வழியில வரும், அதையும் லாகுக்குத் திருப்பிட்டேன். இன்னொண்ணும் பண்ணணும். அஞ்சு நிமிஷம் லாகுக்கு எந்த வரியும் வரலைன்னா, அதுக்கும் மணி அடிக்கணும். போன்ல மட்டும் இல்ல. இந்தக் கூடத்துலயே ஒரு மணி."

"வேலை செய்யுதுன்னு எப்படி நம்புறது?"

"நான் வரி அனுப்பிக் காட்டமாட்டேன். மீட்டர்ல ஒரு சொட்டு ப்ளீச் விட்டுக் காட்டுறேன், அதுல இருக்கிறதும் குளோரின்தான். நிரலே கத்தட்டும். அப்புறம் நிரலையே நிறுத்திக் காட்டுறேன். அதுக்கும் கத்துதான்னு பாருங்க."

டாக்டர் யோசித்தார். "காட்டு. அதுவரைக்கும் ஆள் உக்காரணும்."

"நான் உக்காருறேன்" என்றாள் துரு.

தண்ணிக்காரரைத் திரும்பக் கண்ணாஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, அவர் நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். கணவர் பார்சலைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். அக்கா ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். ஆறிப்போன சாப்பாட்டைப் பம்பு சத்தத்துக்கு நடுவில் இருவரும் சாப்பிட்டார்கள்.

"இந்தா பாரு" என்றாள் அக்கா. "இன்னைக்கு ஒரு நாள் உன் அரிப்பு சரியாப் போச்சுங்கறதுக்காக, நாளையிலேர்ந்து அடுப்பை அஞ்சு தடவை பாக்காத."

"பாக்கமாட்டேன்."

"பொய்."

துரு சிரித்தாள். சிரிப்பு அடங்குவதற்குள் அழுகை வந்துவிட்டது. அக்கா எச்சில் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் அவளைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டாள்.

கூடத்தில் பாதியில் நிறுத்தப்பட்டவர்களில் அன்று ரொம்பக் கோபத்தில் இருந்தவர் பஸ் டிரைவர். இன்னும் ஒரு மணி நேரம் பாக்கி இருந்தது அவருக்கு. விட்டதை முடிக்க மறுநாள் வரவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவர் வீட்டுக்குக் கிளம்புமுன் துரு போய் எதிரில் நின்றாள்.

"ஐயா, நான் பண்ணின தப்புல நடந்தது இது. தண்ணி கெட்டுப் போனது என்னால இல்ல. ஆனா கெட்டதும் உடனே தெரிஞ்சிருக்கணும், தெரியாமப் போனது என்னால."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். இந்தத் தடவை வேடிக்கைப் பேச்சு வரவில்லை.

"செத்திருப்பேனா?"

"இன்னும் நேரமாகியிருந்தா, ஆபத்துதான்."

"ம்." கையில் ஒட்டியிருந்த பஞ்சை அழுத்திக்கொண்டார். "நாளைக்கு என் மகளுக்கு வேலை. ஏற்கனவே வாரத்துக்கு மூணு நாள் கெஞ்சிக் கூத்தாடி நேரம் வாங்குறா. நாளைக்கும் என்னைக் கூட்டிட்டு வரணும்னா அவ என்ன பண்ணுவா? இதுக்கு உன் கம்ப்யூட்டர் என்ன சொல்லுது?"

"நானே வந்து கூட்டிட்டு வர்றேன்யா."

மகள் வந்து அழைத்துப் போகும்போது அவர் தெருப்பெயரையும், பச்சைக் கேட்டு வீடு என்பதையும் வாசலிலிருந்தே கத்திச் சொன்னார்.

மறுநாள் காலை, நோயாளிகள் வருமுன், ப்ளீச் சோதனை நடந்தது. சொட்டு விழுந்த அடுத்த நிமிஷமே கூடத்து மணி அடித்தது. நிரலை நிறுத்தியபோது ஐந்து நிமிஷம் அமைதி. டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், துரு நகத்தைக் கடித்தாள். மணி அடித்தது. இன்னும் ஒரு வாரத்துக்கு, மணி இருந்தாலும் ஆளும் இருக்கட்டும் என்றார் டாக்டர். துருவுக்கும் அதுவே சரியென்று பட்டது. தலைமை நர்ஸ் தன் ஆட்களில் ஒருவரைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்தார். துரு தண்ணிக்காரருக்குப் போன் செய்தாள். வீட்டம்மாவுக்குக் கட்டு அவிழ்த்தாகிவிட்டதாம். முதலில் அவரைப் பார்த்து, "இவ்வளவு நரைச்சுப் போச்சா உங்களுக்கு?" என்றாளாம். சொல்லும்போது அவர் குரலில் கோபம் இல்லை. பழைய சிரிப்பும் இன்னும் முழுசாக வரவில்லை.

துரு காரை எடுத்துக்கொண்டு பச்சைக் கேட்டைத் தேடிப் போனாள். பஸ் டிரைவர் சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றார். முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, பெல்ட்டை இழுத்து மாட்டினார். ஒரு தெரு போவதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"கிளட்ச்சுல கால் எதுக்கு ஊறிக்கிட்டே இருக்கு? எடு."

எடுத்தாள்.

"பிரேக்கை அப்படிக் குத்தக்கூடாது. பின்னால நிக்கிறவன் முன்னால வந்து விழுவான்."

"பின்னால யாரும் இல்லைங்கய்யா."

"பழக்கம் வேணும்ல?"

சிக்னலில் நின்றபோது துரு நடுக் கண்ணாடியைப் பார்த்தாள், பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள், மடியில் கிடந்த போனைப் பார்த்தாள். லாகில் கடைசி வரி ஒரு நிமிஷத்துக்கு முன்னால் வந்திருந்தது. அவர் கையை நீட்டிப் போனை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"அடிச்சா நான் சொல்றேன். நீ ரோட்டைப் பாரு."

பச்சை விழுந்தது. துரு ரோட்டைப் பார்த்து ஓட்டினாள்.